இறக்கத்தில் கைவிடும் கியர்

 

வழக்கமாக இப்பகுதியில் பிள்ளைகளைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் எழுதிவரும் நான், இம்மாதம் ஒரு பழைய டிராக்டரைப் பற்றி எழுதப் போகிறேன். 'மதரஸா ஆசிரியருக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. நான் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவன். இயந்திர நூல்களைக் கற்றவன் அல்லன். ஆயினும் அந்த டிராக்டர் எனக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்தது. அந்தப் பாடம், சென்ற ஆண்டு முப்பத்தொரு பிள்ளைகளோடு மலையிறங்கிய வேளையில் என் நினைவுக்கு வந்தது. ஆகவே இறுதிவரை பொறுமையோடு படியுங்கள்.

2012ஆம் ஆண்டு முதல் ஈராண்டுகள், இங்கிலாந்தின் வடபகுதியில் லங்காஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மாலை நேர மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் இருந்தேன். ஊரின் எல்லையைத் தாண்டினால் பென்னைன் மலைச்சரிவுகள். பசும்புல், கல்லடுக்கிய சுவர்கள், அவற்றிடையே ஆடுகள். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது ஆடு வாங்குவதற்காக எங்கள் ஜமாஅத்தினர் ஒரு முதிய விவசாயியிடம் செல்வது வழக்கம். எழுபது வயதைக் கடந்த அந்த ஆங்கிலேயர் சொற்சிக்கனம் மிக்கவர். அவருடைய கொட்டிலில் சிவப்பு நிற டிராக்டர் ஒன்று நின்றிருந்தது. முன்புறத்தில் 'மாஸே பெர்குசன்' என்ற பெயரைக் கண்டதும், ஊர்க்காரரைச் சந்தித்ததுபோல என் மனம் குளிர்ந்தது.

ஏனெனில் அந்தப் பெயர் நமக்குப் புதியதன்று. 1960இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டஃபே நிறுவனம், அதே மாஸே பெர்குசன் பெயரில் நம் நாட்டில் டிராக்டர்களைச் செய்து தந்தது. தஞ்சை வயல்களில் சேறு தெறிக்க உழுத அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். இலங்கையின் கீழ்மாகாணத்து வயல்வெளிகளிலும் அது நன்கு அறிமுகமான வண்டியே. 'எங்கள் நாட்டிலும் இது உண்டு' என்று நான் கூறியபோது, பெரியவர் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு, 'இருக்கலாம், ஆனால் இதன் வயிற்றுக்குள் இருப்பது உங்கள் ஊரில் இருக்குமோ என்னவோ!' என்றார்.

வண்டியின் வரலாறு

இதன் மூதாதையை உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். கலப்பையை டிராக்டரின் பின்னால் சங்கிலியில் கட்டி இழுக்காமல், மூன்று இணைப்புகளால் வண்டியோடு பொருத்தி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கவும் இறக்கவும் செய்த முறை அவருடையது. இன்று உலகெங்கும் உள்ள டிராக்டர்கள் அம்முறையையே பின்பற்றுகின்றன. 1946இல் கோவென்ட்ரி நகரின் பேனர் லேன் தொழிற்சாலையில் அவருடைய சாம்பல் நிறச் சிறு டிராக்டரின் உற்பத்தி தொடங்கியது. 1953இல் அவருடைய நிறுவனம் கனடாவின் மாஸே ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. 1964இல் வெளிவந்ததே மாஸே பெர்குசன் 135. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இயந்திரம். ஏறக்குறைய 45 குதிரைத் திறன். பேனர் லேன் தொழிற்சாலை 2002ஆம் ஆண்டின் இறுதியில் டிராக்டர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அங்கே பிறந்த வண்டிகள் மட்டும் இன்னும் வயல்களில் உழைத்துக் கொண்டிருக்கின்றன.

பெரியவரின் வண்டி 1969ஆம் ஆண்டில் அவருடைய தந்தையார் புதிதாக வாங்கியது. வாங்கும்போதே சற்றுக் கூடுதலாகப் பணம் கொடுத்து, 'மல்டி பவர்' என்னும் சிறப்புக் கியர் அமைப்போடு வாங்கியிருந்தார். இவ்வமைப்பை 1962இல் அந்நிறுவனம் அறிமுகப்படுத்தியிருந்தது. பெரியவர் குறிப்பிட்ட வயிற்றுப் பொருள் இதுதான்.

அது என்ன வேறுபாடு?

சாதாரண டிராக்டரில் கியர் மாற்ற வேண்டுமானால் கிளட்சை மிதிக்க வேண்டும். மிதித்த கணமே சக்கரத்துக்குச் செல்லும் விசை அறுந்துவிடும். சாலையில் செல்லும் காருக்கு இதனால் நட்டமில்லை. அது தன் வேகத்திலேயே சிறிது தூரம் ஓடும். ஆனால் களிமண்ணில் ஆழப் புதைந்த கலப்பையை இழுக்கும் டிராக்டர், விசை அறுந்த மறுகணமே நின்றுவிடும். நின்ற வண்டியை அதே இடத்திலிருந்து மீண்டும் கிளப்புவது எருதுக்கும் கடினம், இயந்திரத்துக்கும் கடினம்.

இக்குறையைப் போக்க, அக்காலத்தில் பல நிறுவனங்கள் பலவாறாக முயன்றன. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1954இல் 'டார்க் ஆம்ப்ளிஃபயர்' என்னும் அமைப்பைக் கொணர்ந்தது. ஃபோர்டு நிறுவனம் 1959இல் 'செலக்ட்-ஓ-ஸ்பீடு' என்ற பெயரில், கிளட்ச் மிதியின்றியே பத்து முன்னோக்குக் கியர்களையும் மாற்றத்தக்க வண்டியை வெளியிட்டது. ஜெர்மனியின் ஃபென்ட் நிறுவனம் 1995இல் காட்சிக்கு வைத்த 'வேரியோ' டிராக்டரிலோ கியர்ப் படிகளே இல்லை; வேகம் நீரோட்டம்போல் கூடும், குறையும். இந்த வரிசையில் எளிமையும் சிக்கனமும் உடையது மல்டி பவர்.

அவ்வண்டியில் சாதாரணக் கியர்கள் முன்னோக்கி ஆறு, பின்னோக்கி இரண்டு. ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சிறு கைப்பிடி உண்டு. அதற்கு 'உயர்', 'தாழ்' என இரண்டே நிலைகள். கிளட்சைத் தொடாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நகர்த்தலாம். 'உயர்' நிலையில் வண்டி ஏறக்குறைய 30 விழுக்காடு விரைவாகச் செல்லும். 'தாழ்' நிலையில் வேகம் குறைந்து இழுவிசை கூடும். இதனால் ஆறு கியர் பன்னிரண்டாகவும், இரண்டு கியர் நான்காகவும் பெருகிவிடுகின்றன.

இதன் நன்மையை நான் கண்ணால் கண்டேன். வைக்கோல் கட்டும் இயந்திரத்தை இழுத்துச் செல்கையில், புல் அடர்ந்த இடம் வந்ததும் பெரியவர் ஒரு விரலால் கைப்பிடியைத் தாழ்த்துவார். வண்டி மெதுவாகும்; பின்னால் கட்டு கட்டும் இயந்திரத்தின் சுழற்சியோ குறையாது. அடர்த்தி தீர்ந்ததும் மீண்டும் உயர்த்துவார். மேட்டில் ஏறும்போதும் அவ்வாறே. தந்தையார் கொடுத்த கூடுதல் பணம் ஒவ்வொரு மேட்டிலும் திரும்பி வந்ததாக அவர் கூறுவார்.

நன்மைக்குள் மறைந்திருக்கும் ஆபத்து

இனிமேல் சொல்லப்போவதைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள்.

நீங்கள் சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தன்போக்கில் உருண்டு கொண்டேயிருக்கும். மிதியால் சக்கரத்தைச் சுழற்ற முடியும். சக்கரத்தால் மிதியைச் சுழற்ற முடியாது. ஒருவழிப் பாதை அது. மல்டி பவரின் 'தாழ்' நிலையும் இத்தகையதே. இயந்திரம் சக்கரத்தைத் தள்ளும். சக்கரம் இயந்திரத்தைத் திருப்பித் தள்ள முடியாது.

'உயர்' நிலையில் அப்படியன்று. அங்கே எண்ணெய் அழுத்தம் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி இருவழிப் பிடி. இறக்கத்தில் வண்டி வேகமெடுக்க முயன்றால், சக்கரங்கள் இயந்திரத்தையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்தப் பளுவே வண்டியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுப்படுத்தும். ஓட்டுநர்கள் 'என்ஜின் பிரேக்' என்று கூறுவது இதைத்தான்.

ஆகவே மேட்டில் ஏற உதவும் 'தாழ்' நிலை, பள்ளத்தில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து வைப்பதில்லை. கியரில்தான் இருக்கிறோம் என்று ஓட்டுநர் நம்பிக்கொண்டிருப்பார். வண்டியோ கியரே இல்லாததுபோல் உருளத் தொடங்கும். பின்னால் பிரேக் இல்லாத டிரெய்லரில் பாரமும் இருந்துவிட்டால், அது தள்ளுகிற தள்ளில் வண்டி குறுக்கே மடங்கிவிடும். அமெரிக்க நிறுவனத்தின் டார்க் ஆம்ப்ளிஃபயருக்கும் இதே இயல்பு உண்டு. அதனால் இவ்வண்டிகளை வைத்திருப்போர் யாவரும் அறிந்த விதி ஒன்று உண்டு: இறக்கம் தொடங்கும் முன்பே 'உயர்' நிலைக்கு மாற்று, பெரிய கியர் நெம்புகோலில் குறைந்த கியரைப் போட்டுக்கொள், பிறகே இறங்கு.

சாதாரண அறிவு இதற்கு நேர்மாறாகச் சொல்வதைப் பாருங்கள்! 'இறக்கத்தில் மெதுவாகப் போக வேண்டும். எனவே தாழ்வில் வை' என்றே எவருக்கும் தோன்றும். தோன்றியபடி செய்தால் ஆபத்து.

'நீங்கள் எப்போதாவது மறந்ததுண்டா?' என்று பெரியவரிடம் கேட்டேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார். அவருடைய இருபத்தாறாம் வயதில், மழை தூறிய ஒரு காலையில், வைக்கோல் ஏற்றிய டிரெய்லரோடு மேட்டில் ஏறியவர், உச்சியைக் கடந்தபின் கைப்பிடியை மாற்ற மறந்துவிட்டார். நனைந்த புல்லில் பிரேக் பிடித்தும் சக்கரங்கள் வழுக்கின. இறுதியில் கல்சுவரில் மோதியே வண்டி நின்றது. சுவரை அவர் கையாலேயே மீண்டும் அடுக்கினார். அதற்கு மூன்று நாட்கள் பிடித்தன. 'வண்டியின் மீது குற்றமில்லை. அது எப்படிப்பட்டது என்பதை என் தந்தை முதல் நாளே சொல்லியிருந்தார். மறந்தவன் நான்' என்றார். அந்தச் சுவரின் அப்பகுதியை எனக்குக் காட்டினார். மற்றக் கற்களைவிட அங்கே பாசி குறைவாக இருந்தது.

பழைய வண்டியை வைத்திருப்பதென்றால்...

இத்தனைக்குப் பிறகும் அவர் ஏன் அதை விற்கவில்லை? அதில் மின்னணுப் பலகை ஏதுமில்லை. ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான பழுதுகளைக் கொட்டிலிலேயே நீக்கிக்கொள்ளலாம். உதிரிப் பாகங்களும் தடையின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் மல்டி பவர் உள்ள வண்டிக்குக் கவனிப்புக் கூடுதலாக வேண்டும்.

முதலாவது, எண்ணெய். இவ்வண்டியில் கியர்ப் பெட்டிக்கும், பின் அச்சுக்கும், கலப்பையைத் தூக்கும் அமைப்புக்கும் ஒரே எண்ணெய்தான். மழை நாட்டில் கியர் நெம்புகோலின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் நீர் உள்ளே இறங்கிவிடும். எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். அவர் வாரந்தோறும் அளவுகோலை உருவி எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பார்.

இரண்டாவது, பம்பு. 'உயர்' நிலையின் பிடி முழுவதும் எண்ணெய் அழுத்தத்தையே சார்ந்தது. பம்பு தேய்ந்தாலோ, உள்ளே எண்ணெய் கசிந்தாலோ அழுத்தம் குறையும், தட்டுகள் வழுக்கும். காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கையில் நன்றாக ஓடும் வண்டி, நண்பகலில் எண்ணெய் சூடேறி நெகிழ்ந்ததும் 'உயர்' நிலையை இழந்து 'தாழ்' நிலைக்கே நழுவும். பழைய வண்டி வாங்குவோர் அதைச் சூடேறும்வரை ஓட்டிப் பார்த்தே வாங்க வேண்டும் என்பது இதனாலேயே. கைப்பிடி 'உயர்' என்று காட்டினாலும், உள்ளே அழுத்தம் இல்லையேல் இறக்கத்தில் பிடிப்பும் இல்லை.

மூன்றாவது, பழுது பார்க்கும் செலவு. இவ்வகை டிராக்டருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. இயந்திரம், கியர்ப் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றை ஒன்றோடொன்று போல்ட்டு போட்டு இணைத்திருப்பதே அதன் முதுகெலும்பு. மல்டி பவர் தட்டுகளை மாற்ற வேண்டுமானால் வண்டியை இடையில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். சிறு பாகத்துக்காகப் பெரு வேலை! பலர் அப்பழுதைச் சரிசெய்யாமல் 'தாழ்' நிலையிலேயே காலமெல்லாம் ஓட்டுவதுண்டு. சமநிலத்தில் அதனால் தொல்லையில்லை. மலைநாட்டில் அது கத்திமேல் நடப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, நிறுத்தி வைத்தல். இயந்திரத்தை அணைத்தால் எண்ணெய் அழுத்தமும் போய்விடும். ஆதலால் சரிவில் கியரைப் போட்டுவிட்டு இறங்கிச் செல்வது பாதுகாப்பாகாது. வண்டி முன்னோக்கி உருளக்கூடும். கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் கல்லும் வைக்க வேண்டும். பேட்டரி இறங்கிய வண்டியை முன்னோக்கித் தள்ளிக் கிளப்பலாம் என்பதும் இதனிடம் பலிக்காது. சக்கரம் சுழலும், இயந்திரம் அசையாது.

பேரனுக்கு வைத்த தேர்வு

பெரியவருக்குப் பதினாறு வயதில் ஒரு பேரன் இருந்தான். பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பண்ணை வேலையில் டிராக்டர் ஓட்டுவதை அந்நாட்டுச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. சாலையில் ஓட்டவோ பதினாறு வயதாக வேண்டும். வயது வந்துவிட்டது, உரிமமும் பெற்றாயிற்று. ஆயினும் பாட்டனார் மேட்டு நிலத்துக்கு அவனைத் தனியே அனுப்பவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது அத்தேர்வு நடந்தது. மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, பேரனைக் கீழே இறங்கச் சொன்னார். 'இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்' என்றார். பையன் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான்: 'இரண்டு பிரேக் மிதிகளையும் ஒன்றாகக் கொக்கியிட வேண்டும், இல்லையேல் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும். நெம்புகோலில் குறைந்த கியர். மல்டி பவர் உயர்வில். உயர்வு பிடித்திருக்கிறதா என்று சமநிலத்திலேயே ஒருமுறை சோதிக்க வேண்டும். இறங்கத் தொடங்கியபின் கிளட்சைத் தொடக்கூடாது.' ஐந்தையும் சொன்னான். பாட்டனார் தலையசைக்கவில்லை. 'ஏன் தாழ்வில் வைக்கக்கூடாது?' என்று கேட்டார். பையன் தயங்கினான். 'நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்' என்றான்.

அன்று அவனை அனுப்பவில்லை. 'நான் சொன்னேன் என்பதற்காகச் செய்பவன், நான் இல்லாத நாளில் மறந்துவிடுவான்' என்று என்னிடம் கூறினார். மறுவாரம் பையன் ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுழற்றிக் காட்டி, காரணத்தைத் தானே விளக்கினான். முன்பத்தியில் நான் உங்களுக்குச் சொன்ன உவமை அவனுடையதே. அதன் பிறகே சாவி கைமாறியது.

அந்த டிராக்டருக்கு, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் பின்னாளில் பொருத்தப்பட்டிருந்தது. 1970 செப்டம்பர் முதல் புதிய டிராக்டர்களுக்கு அத்தகைய பாதுகாப்புக் கூண்டை பிரிட்டன் கட்டாயமாக்கியது. சுவீடன் அதற்கும் முன்னரே, 1959இல் கட்டாயமாக்கிவிட்டது. பெரியவரின் வண்டி 1969இல் பிறந்தது. கூண்டு மனிதனைக் காக்கும். ஆனால் உச்சியில் நின்று ஒருகணம் யோசிப்பதைக் கூண்டு செய்யாது.

ஏற்காட்டு மலையில்...

சகோதரர்களே! சென்ற ஆண்டு எங்கள் மதரஸாப் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றோம். மாலையில் திரும்புகையில், சேலத்தை நோக்கி இருபது கொண்டை ஊசி வளைவுகள். நான் ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்திருந்தேன். முதல் வளைவு கடந்ததும் இயந்திரத்தின் ஒலி சட்டென்று தணிந்தது. பார்த்தேன், நெம்புகோல் நியூட்ரலில் இருந்தது. பிரேக்கை மட்டும் நம்பி வண்டி தன் பாரத்தில் உருண்டு கொண்டிருந்தது.

"அண்ணே, கியர்ல போடுங்க" என்றேன்.

"ஹஜ்ரத், இருபது வருஷமா இந்த மலையில ஓட்டுறேன். டீசல் மிச்சம். பயப்படாதீங்க" என்றார் அவர்.

அப்போது என் கண்முன் அந்தக் கல்சுவர் நின்றது. பாசி படியாத அந்தக் கற்கள் நின்றன. பின்னால் முப்பத்தொரு பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்; சிலர் உறங்கியும் விட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் அமானிதம். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். என்னுடன் வந்த ஆசிரியர்களுக்கும் சங்கடமாயிருந்தது. ஆனால் நான் இசையவில்லை.

நின்றபின் அவரிடம் அமைதியாகச் சொன்னேன்: நியூட்ரலில் வண்டியைப் பிடிக்க பிரேக்கைத் தவிர வேறில்லை. வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க அது சூடேறும். சூடேறிய பிரேக் வேண்டிய நேரத்தில் பிடிக்காது. அதனால்தான் மலைப்பாதைகளில் குறைந்த கியரில் செல்லும்படி பலகை வைத்திருக்கிறார்கள். டீசல் மிச்சம் என்பதும் பழைய கணக்கு. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இன்றைய வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் அறவே நின்றுவிடும். நியூட்ரலிலோ, இயந்திரம் அணையாமல் இருப்பதற்காக எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். இதற்கும் ஒருபடி மேலே சென்று சிலர் இயந்திரத்தையே அணைத்துவிடுகிறார்கள். அப்போது பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் போய்விடுகிறது.

அவர் பதில் பேசவில்லை. இரண்டாம் கியரில் போட்டார். இயந்திரம் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்தவாறு இறங்கியது. அடிவாரத்தில் தேநீர் அருந்துகையில் அவராகவே கேட்டார்: "ஹஜ்ரத், உங்களுக்கு யார் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" சிவப்பு டிராக்டரின் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்தபின், "அந்தப் பையன் மாதிரி எனக்கும் யாரும் காரணத்தச் சொல்லித் தரல ஹஜ்ரத்" என்றார். அதைக் கேட்டதும், சற்று முன்பு அவர்மீது எனக்கிருந்த கோபம் அடங்கிவிட்டது.

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் வேனோ, லாரியோ, டிராக்டரோ ஓட்டும் மகனோ சகோதரரோ இருப்பார். வாடகை வண்டியில் குடும்பத்தோடு மலைக்குச் செல்பவராக நீங்கள் இருக்கலாம். ஏறும்போது வண்டி எப்படி இழுக்கிறது என்று யாவரும் பார்க்கிறோம். இறங்கும்போது அதைப் பிடித்திருப்பது எது என்று ஒருமுறை கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். வண்டி நிற்கும் இரண்டு நிமிடங்களால் எவருக்கும் இழப்பில்லை.

நான் ஊர் திரும்பிய பின்னும் பெரியவரின் பேரன் ஓரிருமுறை கடிதம் எழுதினான். இறுதிக் கடிதத்தில், பாட்டனாரின் கால்கள் தளர்ந்துவிட்டதாகவும், மேட்டு நிலத்து வைக்கோலைத் தானே கொண்டுவருவதாகவும் எழுதியிருந்தான். கடிதத்தின் கீழே ஒரே வரி: 'உச்சியில் இன்னும் நின்றுதான் இறங்குகிறேன்.'

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.